மூச்சுப்பெட்டி, கம்பிப்பலகை, மண்முட்டை

சேசு மரி சூசை

சுருளிப்பட்டி
1935 கார்த்திகை 8

ரங்கூனில் இருக்கும் என் மகள் ஜெயமேரிக்கு அம்மா மதலேனாள் உன் நெத்தியில சிலுவை போட்டு எழுதுறது. இங்கன நானும் உங்க அய்யாவும் ரெண்டு மாடும் புதுசாப் பிறந்த கன்னுக்குட்டியும் தேவமாதா கிருபையால நல்லாயிருக்கோம், என் முட்டி மட்டும் மழைக்கு முனங்குது, அதைக் கணக்குல சேர்க்க வேண்டாம். அங்கன உனக்கு உடம்பு எப்படி, சோறு செமிக்குதா, ஆஸ்பத்திரியில நின்னுக்கிட்டே வேலை பாக்குறியே கால் வீங்குதா, எல்லாத்தையும் விவரமா எழுது. போன கடுதாசியில நீ ஒண்ணு கேட்டிருந்தே, அம்மா உன் கடுதாசி ரெண்டு வரியில தந்தி மாதிரி முடிஞ்சு போகுதே, எம்மேல எதுவும் வருத்தமான்னு. அதைப் படிச்சிட்டு அடுப்படியில உக்காந்து ஒரு பாட்டம் அழுதேன் தாயி, உம்மேல எனக்கென்ன வருத்தம். போன வருசம் ஈஸ்டருக்கு நம்ம கோயிலுக்குக் காலால மிதிச்சு வாசிக்கிற பெரிய ஆர்மோனியம் வந்துச்சுன்னு எழுதினேன்ல, அதுக்கு மேல எழுதாம விட்டதுதான் விசயம். இருபத்திரண்டு வருசம் கைப்பெட்டி ஆர்மோனியத்துல பூசைக்கு வாசிச்சவ நான், இந்த முட்டியை வச்சுக்கிட்டு ஒரு பாட்டுக்குக்கூட மிதிக்க முடியல. புதுசா வந்த உபதேசியார் நல்லாத்தான் வாசிக்கிறாக, நாமளே சொல்லணும், குறை ஒண்ணுமில்லை. ஆனா கைப்பெட்டியைத் துணி சுத்தி மச்சுல ஏத்தி வச்சதோட எனக்கு வீட்டுல பேசவும் ஒண்ணுமில்லாமப் போச்சு, கடுதாசியில எழுதவும் ஒண்ணுமில்லாமப் போச்சு. அது தீர்ந்துபோச்சுங்கிறதாலதான் இப்ப உங்கிட்டச் சொல்றேன். நாலு தாள் எடுத்து வச்சிருக்கேன், பத்தாதுன்னுதான் தோணுது.

ஆவணியில குமுளிக்கு மேல ஒரு காப்பித் தோட்டத்துத் துரை சீமைக்கே திரும்பிப் போயிட்டாரு, அவரு பங்களாச் சாமானையெல்லாம் கம்பத்துல கொண்டாந்து ஏலம் போட்டாக. உங்க அய்யா தண்ணி இறைக்கிற கமலைக்கு ஒரு நல்ல இரும்புச் சங்கிலி எடுக்கணும்னு வண்டியப் பூட்டிக்கிட்டுப் போனாக. பொழுது சாயத் திரும்பி வந்தாக பாரு, சங்கிலியக் காணோம், வண்டி நெறைய ஒரு மரப்பெட்டி, அதுக்கு மேல ஊமத்தம்பூ மாதிரி வாயை விரிச்சுக்கிட்டு ஒரு தகரக் குழல் நீட்டிக்கிட்டு நிக்குது. இதென்ன கூத்துன்னு கேட்டேன். தரையப் பாத்துக்கிட்டே, யாரும் கேக்காமக் கெடந்துச்சு, உள்ள ஒரு துருத்தி இருந்துச்சு, துருத்தி வச்ச சாமான்னா உனக்குப் பிடிக்குமேன்னு எடுத்தேன்னு சொன்னாக. கமலை என்னாகுறதுன்னு நான் கேக்கல. கேக்கணும்னுதான் வாயெடுத்தேன், அதுக்குள்ள கை பெட்டி மூடியத் திறந்துருச்சு.

உள்ள மூணு வாத்தியம். எதுக்கும் பேரு தெரியல, கம்பத்துல ஏலம் போட்டவனுக்கும் தெரியலையாம், அதனால நானே பேரு வச்சுட்டேன். ஒண்ணு, ஆறு பக்கமாச் செதுக்கின சின்னப் பெட்டி, ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தா நடுவுல துருத்தி விரியும், பக்கத்துக்கு ஒரு கொத்து எலும்புப் பித்தான். அது மூச்சுப்பெட்டி. ரெண்டாவது, மடியில வச்சுக்கிற அகலத்துக்குப் பலகை, மேல முப்பத்தாறு கம்பி, எண்ணிப் பாத்தேன், அது கம்பிப்பலகை. மூணாவதைப் பாத்து உங்க அய்யா கோழி அடைக்கு வைக்கிற பொய் முட்டைன்னாக, சுட்ட மண்ணுல செஞ்சு எட்டு ஓட்டை போட்டிருக்கு, ஒரு மூக்கு நீட்டியிருக்கு, அதுல ஊதினா புறா குமுறுற மாதிரி ஒரு சத்தம். அது மண்முட்டை. தகரக் குழல் வச்ச பெட்டி பாட்டுப்பெட்டின்னு தெரிஞ்சுபோச்சு, ஆனா நாம பாத்த பிளேட்டு சுத்துறது இல்ல. சாவி கொடுத்தா உருளை சுத்துது, அது மேல மெழுகுல செஞ்ச குழலை மாட்டணும், டம்ளருக்கு அடி எடுத்தாப்புல இருக்கும். பன்னெண்டு மெழுகுக் குழல் பஞ்சுக்குள்ள இருந்துச்சு, நாலு பூசணம் பூத்து வெடிச்சுக் கெடந்துச்சு, எட்டுதான் நல்லது.

அந்த எட்டுலயும் ஒரு பாட்டும் இல்ல. அழுக்கு மெழுகு, ஊசிய வச்சா சரசரன்னு சருகு மிதிக்கிற சத்தம் மட்டும். உங்க அய்யாவுக்கு முகம் தொங்கிப்போச்சு, ஏமாந்துட்டேன்னு நெனைச்சாக. மறுநாள் நம்ம பிச்சைமணி வந்தான், இப்பக் கம்பம் குமுளி பஸ்ஸு ஓட்டுறானே அவன்தான், முந்தி அந்தத் துரைகிட்டத்தான் டிரைவரா இருந்தான். பெட்டியப் பாத்ததும், அக்கா இது பாடுற பெட்டி மட்டும் இல்ல, கேக்குற பெட்டின்னான். பழசைச் சீவி வழுவழுன்னு ஆக்க ஒரு கத்தி, எழுத வேற ஒரு ஊசி, எல்லாம் பெட்டிக்கு அடியிலயே இருந்துச்சு. அவனே ஒரு மெழுகுக் குழலைச் சீவி மாட்டி, தகரக் குழலுக்குள்ள பேசுங்க மாமான்னான். உங்க அய்யா வயக்காட்டுல கூப்பிடுற தொண்டையில ஏய், கேக்குதா, யாரு அங்கன, அப்படின்னு கத்தினாக. ஊசிய மாத்திப் போட்டான். பெட்டிக்குள்ள இருந்து உங்க அய்யா ஏய் கேக்குதான்னு கத்துறாக, இங்கன நிக்கிற உங்க அய்யா கேக்குதுன்னு பதில் சொல்றாக! நான் விழுந்து விழுந்து சிரிச்சதுல முட்டி வலி எங்கன போச்சுன்னு தெரியல. நம்ம பக்கத்து வீட்டு மூக்கம்மாள் என்னமோ ஏதோன்னு உலக்கையோட ஓடியாந்தா.

அன்னையில இருந்து எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. மூச்சுப்பெட்டி என்னைய முதல்ல அழ வச்சுச்சு தாயி. ஆர்மோனியத்துல கட்டைய அமுக்கினா ஒரே சுரம்தான, இதுல ஒரே பித்தானுக்கு இழுத்தா ஒரு சுரம், அமுக்கினா இன்னொரு சுரம். இருபத்திரண்டு வருசம் பழகின விரலு எல்லாம் பொய் சொல்லுச்சு. அஞ்சு நாள் அதோட மல்லுக்கட்டினேன், சோறு குழைஞ்சுது, குழம்பு கரிஞ்சுது, உங்க அய்யா அதையே சாப்பிட்டுட்டு வயலுக்குப் போனாக. ஆறாம் நாள் எனக்கு ஒண்ணு விளங்குச்சு, நான் அதை ஆர்மோனியமாக்கப் பாக்குறேன், அது ஆக மாட்டேங்குது, அவ்வளவுதான். தெரிஞ்ச பாட்டு எதையும் அதுல தேடாம, அது எப்படி மூச்சு விடுதோ அப்படியே விட்டு, அதுக்குப் பின்னாடி போனேன். போனா போய்க்கிட்டே இருக்கு! எனக்கு ஐம்பது வயசு ஆகுது, சடை போட்ட பிள்ளை மாதிரி வீட்டுக்குள்ள குதிச்சேன்னு எழுத வெக்கமா இருக்கு, இருந்தாலும் எழுதிட்டேன்.

பொறகு மெழுகுல பிடிக்கிற வேலை. நெல்லு மூட்டை அடுக்குற உள் அறைதான் அதுக்குத் தோது, மூணு பக்கமும் மூட்டை, நாலாவது பக்கம் நம்ம இலவம்பஞ்சு மெத்தையச் சாத்தி வச்சா வெளிச் சத்தம் ஒண்ணும் வராது. நடுப்பகல்ல ஊரே வயக்காட்டுல இருக்கும்போது கதவைச் சாத்திக்குவோம். ஒரு குழலுக்கு ரெண்டு நிமிசத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் கொள்ளும், அதுக்கு மேல வாசிச்சா காத்துக்குத்தான். நம்ம வீட்டுல கடிகாரம் ஏது, உங்க அய்யா ஒரு வழி கண்டுபிடிச்சாக, செபமாலையில பத்து மணி மனசுக்குள்ள உருட்டினா குழல் முடியிறதும் பத்தாவது மணி முடியிறதும் சரியா இருந்துச்சு. எட்டாவது மணிக்குக் கையத் தூக்குவாக, நான் முடிக்க வழி தேடுவேன். ஒரு தடவை நான் உயிரைக் குடுத்து வாசிச்சு முடிக்கிற நேரம் பாத்து உங்க அய்யா பக்தியோட சத்தமா ஆமென்னு சொல்லிட்டாக. சீவிட்டு மறுபடி பிடிக்கணும்னுதான் கத்தியை எடுத்தேன், போட்டுக் கேட்டா அந்த ஆமென் அவ்வளவு அழகா வந்து விழுந்திருக்கு, விட்டுட்டேன். கம்பிப்பலகை சத்தம் சன்னம், ஊசிக்கு எட்டல. கவுத்த பித்தளை அண்டா மேல அதை வச்சு, தகரக் குழலை அதுக்கு மேல தொங்கவிட்டுக் கட்டினோம், அப்பத்தான் அது வாயத் திறந்துச்சு. அப்பறம் அதை விரலால மட்டும் மீட்டுவானேன்னு சொளகுல பச்சரிசி அள்ளி மெதுவாக் கம்பி மேல கொட்டிப் பாத்தேன். ஜெயமேரி, நீ அதைக் கேக்கணும்! உங்க அய்யா மாலையை மறந்து வாயப் பொளந்துக்கிட்டு நின்னாக, குழல் முடிஞ்சதே எங்க ரெண்டு பேருக்கும் தெரியல.

ஐப்பசிக் கடைசிக்குள்ள ஆறு குழல் பிடிச்சேன். ஆறும் நானே தனியா வாசிச்சது, ஆறுக்கும் வரிசை உண்டு, ஒண்ணு முடிஞ்சு ரெண்டு, ரெண்டு முடிஞ்சு மூணு, மாத்திக் கேக்கக் கூடாது. முதலாவது மூச்சுப்பெட்டியில பிச்சைமணி பஸ்ஸு குமுளி மலையேறுறது, வளைவுக்கு வளைவு அது இழுக்கிற இழுப்பும் மேல போய் நின்னதும் அது விடுற மூச்சும் இருக்கும். ரெண்டாவது மண்முட்டையில மூக்கம்மாள் சாயங்காலம் மாட்டைக் கூப்பிடுறது. அதை அவளுக்கே போட்டுக் காமிச்சேன். நான் எங்க இப்படிக் கூப்பிடுறேன், இது யாரோ சீக்காளி கூப்பிடுறதுன்னு கோவிச்சுக்கிட்டுப் போனா, மறுநாள் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வந்து, என் சத்தத்தைப் போடு மதினின்னா. மூணாவது கம்பிப்பலகையில, பெரியாத்துத் தண்ணி முதல் நாள் வாய்க்கால்ல காஞ்ச மண்ணை நனைச்சுக்கிட்டு வர்றது. நாலாவது அரிசி. அஞ்சாவது நான் கோயில்ல அத்தனை வருசம் வாசிச்ச, ஆண்டவரே இரக்கம் வையும்னு கேக்குற கீரியே பாட்டுத்தான், ஆனா முதல் வரிய மட்டும் எடுத்து ஒரே மூச்சுல எவ்வளவு நீட்ட முடியுமோ நீட்டியிருக்கேன், அதுலதான் அந்த ஆமென் இருக்கு. ஆறாவது ரங்கூன். நான் எங்க ரங்கூனைப் பாத்தேன், மண்முட்டைய அரைக்குடம் தண்ணிக்கு மேல பிடிச்சுக்கிட்டு ஊதினேன், சத்தம் ஆடி ஆடிப் போகுது, கப்பல் அப்படித்தான் போகும்னு நெனைச்சுக்கிட்டேன்.

இதுக்குள்ள பிச்சைமணி பஸ்ஸுல ஏறுறவன் இறங்குறவன்கிட்டயெல்லாம் சொல்லிவச்சிருக்கான். போன வாரம் மதுரையில இருந்து பலவேசம்பிள்ளைன்னு ஒருத்தர் வந்தாரு, பிளேட் கம்பெனிக்குப் பாடுற ஆளுகளப் பிடிச்சுக் குடுக்கிறவராம். சரிகைத் துண்டு, அத்தர் வாசம். ஆறையும் வரிசையாப் போட்டுக் காட்டினேன். மனுசன் மரியாதையாத்தான் கேட்டாரு. கேட்டு முடிச்சு, அம்மா உங்களுக்கு ஞானம் இருக்கு, மதுரைக்கு வாங்க, ஆர்மோனியத்துல ரெண்டு மாதா பாட்டு, ரெண்டு கிறிஸ்மஸ் பாட்டு, பிளேட்டுக்கு நான் ஏற்பாடு பண்றேன், இந்தச் சத்தமெல்லாம் வேண்டாம், இதை எந்த ஊர்லயும் யாரும் பாட்டுன்னு ஒத்துக்க மாட்டாகன்னு சொன்னாரு. ஒரு வருசத்துக்கு முந்தி அவரு வந்திருந்தா நான் நடந்தே மதுரைக்குப் போயிருப்பேன் தாயி. எனக்கு அந்த நேரம் என்ன தோணுச்சுன்னா, கைப்பெட்டியில என் கைக்கு எல்லாம் தெரியும், அதனால காது தூங்கிப்போச்சு. இந்த மூணுலயும் கைக்கு ஒண்ணும் தெரியாது, காதுதான் முழிச்சுக்கிட்டு வழி சொல்லுது. அதை அவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, ஐயா காப்பி குடிங்க, எனக்கு ஆர்மோனியம் வாசிச்சு ஆசை தீர்ந்துபோச்சுன்னு சொன்னேன். சொன்னதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. அவரு, சரி யோசிச்சு எழுதுங்கன்னுட்டு, மாட்டியிருந்த குழலைக் கழட்டித் தர்றேன்னு கைய வச்சாரு. அதை உள்ள ரெண்டு விரல் விட்டு விரிச்சுத்தான் எடுக்கணும், அவரு டம்ளரைப் பிடிக்கிற மாதிரி வெளிய இறுக்கிப் பிடிச்சாரு. படக்குன்னு ஒரு சத்தம். அது மூணாவது, நான் இன்னொரு தடவை கேக்கணும்னு கடைசியா மாட்டின வாய்க்கால் தண்ணி. மூணு துண்டு.

அவரு முகம் வெளிறிப்போச்சு, உங்க அய்யா கதவோரம் அப்படியே உக்காந்துட்டாக. நான் அழுவேன்னு எல்லாரும் பாக்குறாக, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அழுகை வரல. அவரு போனதும் கதவைச் சாத்திட்டு, மிச்சமிருந்த ரெண்டு குழல்ல ஒண்ணை மாட்டி மறுபடி வாசிச்சேன். அதே மாதிரி வரல, தண்ணி வேற பக்கமா ஓடுச்சு, முதல்ல ஓடினதைவிடக் குறும்பா, ஓரிடத்துல மடை உடைச்சுக்கிட்டும் போச்சு. உங்க அய்யா மாலையைப் பையில போட்டுட்டு, இது தேவலைன்னாக. எனக்குப் போன உசிரு வந்துச்சு. ஆனா அன்னைக்கே புரிஞ்சுபோச்சு, இந்த ஒவ்வொண்ணும் உலகத்துல ஒண்ணுதான், நகல் எடுக்க வழியில்ல, தபால்ல கட்டி அனுப்பினா உனக்கு மெழுகுத் தூள்தான் வந்து சேரும். அனுப்பினாலும் உங்கிட்ட இந்தப் பெட்டி எங்க இருக்கு. உனக்குக் கேக்கணும்னா ஒரு ஆளு மடியில வச்சுக் கொண்டாரணும்.

அந்த ஆளு நான்தான். நல்லாப் படி, நானேதான் வர்றேன்! மூக்கம்மாள் மகன் கர்ணன் அங்கன அரிசி மில்லுல இருக்கான்ல, பொங்கலுக்கு ஊருக்கு வர்றான், தை பத்துக்கு மேல திரும்புறான், பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டுப் போறான், அவுககூட நானும் கிளம்புறேன். தேனியில ரயிலேறி மதுரை, மதுரையில இருந்து மெட்ராஸ், அங்கன இருந்து கப்பல். மதுரைய விட்டுத் தாண்டாத மதலேனாள் கடல் தாண்டப் போறா. பிச்சைமணி குழலுக்குன்னே ஒரு பெட்டி செஞ்சிட்டான், ஒவ்வொண்ணுக்கும் தனிக் குழி, நெறைய இலவம்பஞ்சு. மூணு வாத்தியமும் பாட்டுப்பெட்டியும் கூடவே வருது, தகரக் குழலைத் தோள்ல மாட்டிக்கிட்டு நான் வர்றதைப் பாத்து நீ சிரிக்கக் கூடாது.

உங்க அய்யா கூட வரல. கரும்பு வெட்டு இருக்கு, கன்னு பால் குடிக்குது, யாராவது இருக்கணும்னு சொல்லிட்டாக. போயிட்டு வா, பிள்ளைக்கு ஆறையும் வரிசையாப் போட்டுக் காட்டுன்னு சந்தோசமாத்தான் சொன்னாக, சொல்லிட்டு ரெண்டு நாளா பிச்சைமணிகிட்ட கப்பல் ரொம்ப ஆடுமா, ரொம்ப ஆடுமான்னு விசாரிச்சிருக்காக. நேத்து மத்தியானம் என்னையக் கூப்பிட்டு, இன்னும் ஒரு குழல் வெறுசா இருக்கே, அதுல எனக்கு ஒண்ணு பிடிச்சு வச்சுட்டுப் போன்னாக. மூச்சுப்பெட்டியா, மண்முட்டையான்னு கேட்டேன். அதெல்லாம் வேண்டாம், என்னையத் திட்டுன்னாக. எனக்கு முதல்ல விளங்கல. ரெண்டு மாசம் நீ இல்லாம வீடு கிடக்கும், யாரும் திட்டாட்டா எனக்கு வேலை ஓடாது, பெட்டியும் உங்கூடக் கப்பலேறிரும், அதுக்குள்ள தெனம் போட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கிறேன், ரெண்டு நிமிசம் திட்டிட்டுப் போன்னு அவுகளே சாவி குடுத்து ஊசிய வச்சுட்டாக. கேட்டுத் திட்டச் சொன்னா எனக்கு எங்கன வரும், சேறு அப்பின காலோட நான் அப்பத்தான் மெழுகிவிட்ட தரையில நடந்து வந்து நின்னாக. வந்துருச்சு பாரு! காலைப் பாரு, தரையப் பாருன்னு ஆரம்பிச்சு, சந்தையில விட்டுட்டு வந்த குடை, மாட்டுக்கொட்டகைக் கூரை, பொடி மட்டை, கமலைச் சங்கிலி, ஒண்ணு விடல. பத்து மணியும் ஓடிப்போச்சு, நான் நிறுத்தல, கடைசியில சிரிப்பு வந்து மூச்சு முட்டித்தான் நின்னேன். இன்னைக்குப் பூசை முடிஞ்சு வந்ததுல இருந்து மூணு தடவை போட்டுட்டாக. இங்கன நான் பக்கத்துல உக்காந்து இந்தக் கடுதாசிய எழுதிக்கிட்டே, மாட்டுக்குத் தண்ணி காட்டுனீகளான்னு கேக்குறேன், காதுல விழல. தகரக் குழலுக்கு முன்னால கையக் கட்டிக்கிட்டு நின்னு, சரி மதலே, சரி மதலே, இனிமே செய்ய மாட்டேன்னு தலையாட்டிக்கிட்டு இருக்காக.

கொதிக்க வச்ச தண்ணியையே குடி, ஈரத் தலையோட வேலைக்குப் போகாதே, ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதே. மறக்காம ஒரு காரியம் செய், உன் குவார்ட்டர்ஸ்ல சத்தம் வராத ஒரு மூலை இருக்கான்னு இப்பவே பாத்து வை, இல்லாட்டா ரெண்டு மெத்தை இரவல் கேட்டு வை. கப்பல் எந்தத் தேதிக்குத் துறைமுகம் வருதுன்னு கர்ணன் தந்தி அடிப்பான், லீவு சொல்லி வாங்கி வச்சுக்க. என் கையில இருக்கிற பெட்டிய மட்டும் யாரு வந்து கேட்டாலும் வாங்க விடாதே, நீயும் கேக்காதே.

சேசு ஆண்டவர் உன் கைக்கும் நீ தொடுற நோயாளிகளுக்கும் சுகம் தரட்டும், தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள்ள வச்சுக் காப்பாத்தட்டும்னு வேண்டிக்கிட்டு,

கடல் தாண்டி வரப்போற உன் அம்மா
மதலேனாள்

உங்க அய்யாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாக. நாலாவது தடவை சாவி குடுத்துக்கிட்டு இருக்காக, அதனால அவுக கையெழுத்து இல்ல.